சிலம்பக் கையும் சட்டத்தின் எல்லையும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், திருவிழா இரவொன்றில், தெருவில் வாய்த்தகராறு முற்றுகிறது என வைத்துக்கொள்வோம். ஒருவன் கம்பை ஓங்கி வருகிறான். எதிரே நிற்பவனோ முறையாகச் சிலம்பம் பயின்றவன். இவன் எதுவரை அடிக்கலாம்? “சிலம்பக்காரன் திருப்பி அடித்தாலே குற்றம்” என்பார் சிலர். “முதலில் ஓங்கியவன் அவன், எப்படி அடித்தாலும் தவறில்லை” என்பார் வேறு சிலர். இவ்விரு கருத்துகளும் பிழையானவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக உள்ளன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. பயிற்சி பெற்றவருக்கென்று தனி விதி ஏதும் இல்லை. தாக்கப்படுபவர் கோழையாக ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எனினும் இவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு.

முதலாவது, அளவு. காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்தல் கூடாது (பிரிவு 37). தாக்கியவன் உயிர் போகும் அளவுக்குச் செல்லலாமெனில், மரணமோ கொடுங்காயமோ நேருமென்ற நியாயமான அச்சம் போன்ற, பிரிவு 38 கூறும் காரணம் இருத்தல் வேண்டும். ஆயினும் ஆயுதங்களை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்தல் ஆகாது. தலையைக் குறிவைத்த தடியடியை ஈட்டியால் எதிர்த்தார் என்பதற்காகவே உரிமையை மறுக்க இயலாது என்று தேவ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது, காலம். அச்சம் தோன்றும்போது உரிமை பிறக்கிறது. அச்சம் நீங்கியதும் மறைகிறது (பிரிவு 40). வயல் தகராறொன்றில், ஓடத் தொடங்கியவர்களைச் சுட்டது தற்காப்பு ஆகாது என 1962-இல் ஜெய் தேவ் வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.

மூன்றாவது, தொடக்கம். “வா, பார்த்துவிடலாம்” என்று இரு தரப்பும் சவால் விட்டு மோதினால், எவரும் தற்காப்பு என்று கூற இயலாது.

பயிற்சி கணக்கில் வருவது இங்கேதான். நமது எடுத்துக்காட்டில், சிலம்பம் அறிந்தவன் ஒரே அடியில் எதிரியின் கம்பைத் தட்டிவிடுகிறான். எதிரி வெறுங்கையோடு பின்வாங்குகிறான். அதுவரை நடந்தது தற்காப்பு. அதன்பின் தலையில் இறங்கும் இரண்டாம் அடி குற்றம். “பயத்தில் அடித்தேன்” என்று அவன் கூறினால், அவன் திறமையே அவனுக்கு எதிராகக் கேள்வி கேட்கும். இருட்டில் மூவர் சூழ்ந்திருந்தாலோ நிலை வேறு. அப்போது அவன் ஒவ்வோர் அடியையும் நீதிமன்றம் தங்கத் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை.

தற்காப்பென நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரைச் சார்ந்தது. எனினும் அது நடந்திருக்கக்கூடியது என்று காட்டினாலே போதும். நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றி எல்லை மீறி உயிர் போயிருந்தால், அது கொலையாகாமல் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகும். ஆனால் அதற்கும் சிறை உண்டு; படிப்பும் வேலையும் அத்துடன் போகும்.

வீசிய கம்பை நிறுத்தத் தெரிந்தவனே முழுமையாகக் கற்றவன். சட்டம் நம்மிடம் கேட்பதும் அதுவேயாகும்.