ஈஸ்டின் சுவரில் கத்தரிக்கோல்கள்

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஷிப்டு முடிந்து வருவோர் டீக்கடையில் பன்னை நனைத்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பன்னை உப்பச் செய்தது ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சை. அதன் செல்லைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. உட்புறம் குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள், வெளிப்புறம் புரதங்கள். சுவர் என்றதும் செங்கல் சுவர்போல் அசையாதது என்று எண்ணிவிடாதீர்கள். செல் வளர்கிறது, மொட்டு விடுகிறது. சுவரும் அதற்கேற்ப மாறியாக வேண்டும்.

சுவர்ப் புரதம் உருவாவது செல்லுக்குள்ளே. கார்த் தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து வரும் உதிரி பாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விலாசச் சீட்டோடு வரும். பொருத்துமுன் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். புரதத்தின் முன் நுனியிலும் சில அமினோ அமிலங்களாலான ஒரு சீட்டு உண்டு. உரிய அறைக்குள் நுழைந்ததும் ஒரு நொதி அதை வெட்டிவிடுகிறது. இன்னொரு நொதி வால் நுனியை வெட்டி, அங்கே கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த கொக்கி ஒன்றை மாட்டுகிறது. அந்தக் கொக்கியால் புரதம் செல் சவ்வில் தொங்குகிறது. பல புரதங்கள் பிறகு கொக்கியின் கொழுப்புப் பகுதி அறுபட்டு, குளூக்கானோடு பிணைந்துவிடுகின்றன.

வெட்டும் வேலை அத்துடன் முடிவதில்லை. 'யாப்சின்' என்ற நொதிகள் வெளியே காத்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவையும் இதே கொக்கியில் தொங்குபவைதாம்! லைசின், அர்ஜினைன் ஆகிய அமினோ அமிலங்கள் உள்ள இடம் பார்த்துப் புரதத்தை வெட்டுவது இவற்றின் வழக்கம். ரொட்டி ஈஸ்டில் யாப்சின் மரபணுக்கள் 5.

அதன் நெருங்கிய உறவினரான காண்டிடா கிளாப்ரேட்டாவில் 11! உறவினர்தான், ஆனால் சாது அல்ல. நோய் எதிர்ப்பு குன்றியவரின் இரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. நம் செல்களில் ஒட்டிக்கொள்ள இதற்கு உதவுவது எபா1 என்ற சுவர்ப் புரதம். அதை நறுக்கிக் களைவது யாப்சின்கள். பின்னாளில் ஐதராபாத்திலுள்ள டி.என்.ஏ. கைரேகை, நோயறிதல் மையத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்த ருபிந்தர் கௌர், அமெரிக்காவில் பிரெண்டன் கார்மாக்குடன் செய்த ஆய்வு 2007-ல் வெளியாயிற்று. யாப்சின் மரபணுக்களை நீக்கியதும் பூஞ்சை திணறியது. அதை விழுங்கிய வெள்ளணுக்களுக்குள் பிழைப்பது கடினமாயிற்று. எலிகளில் நோயுண்டாக்கும் வலுவும் குன்றிற்று.

அப்படியானால் யாப்சினை அடக்க ஒரு மருந்து செய்தால் என்ன? நம் செல்களுக்குச் சுவர் கிடையாது. ஆகவே சுவரைத் தாக்குவது நல்ல உபாயமே. குளூக்கான் உற்பத்தியைத் தடுக்கும் காஸ்போஃபங்கின் என்ற மருந்து 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யாப்சின் விஷயத்தில் மட்டும் ஒரு சங்கடம். நீங்கள் தின்ற பன்னின் புரதத்தை இரைப்பையில் அறுக்கிறதே பெப்சின், அதுவும் யாப்சினும் ஒரே குடும்பம். ஒன்றைத் தொடாமல் மற்றதன் வாயை அடைக்க வேண்டும்.