வீங்கிய கையும் துடுப்புப் படகும்

நீண்ட நேரம் பேருந்தில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறீர்களா? இறங்கும்போது செருப்பு இறுக்கமாக இருக்கும். பாதம் சற்று வீங்கியிருப்பதே காரணம். சிறிது தூரம் நடந்தால் வீக்கம் வடிந்துவிடும். ஏன்?

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் திசுக்களில் சேர்கிறது. அதைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்குத் தனி இதயம் இல்லை. நாளங்களின் சுவர்கள் சுருங்கி ஓரளவு தள்ளும். தசைகள் அசையும்போது, அவையும் நாளங்களைப் பிழிந்து நிணநீரை நகர்த்தும். உள்ளே இருக்கும் வால்வுகள் அது பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்ற நேரிடலாம். அப்போது வடிகால் குறைந்து, சிலருக்குக் கை வீங்கும். இதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். எனவே, ‘அந்தக் கையால் பளுவைத் தூக்க வேண்டாம்’ என்று மருத்துவர்கள் பல்லாண்டுகள் எச்சரித்து வந்தனர். உழைக்கும் கைக்கு அதிக இரத்தம் பாயும். அதிக நீர் கசியும். வீக்கம் பெருகும் என்பது அவர்கள் வாதம். நோயிலிருந்து மீண்ட தாய், தன் குழந்தையைத் தூக்கவும் அஞ்சினாள்.

வாதம் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தார்களா?

கனடாவின் வான்கூவர் நகரில் விளையாட்டு மருத்துவரான டான் மெக்கன்ஸி 1996-இல் சோதித்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 24 பெண்களை அவர் டிராகன் படகு வலிக்கப் பழக்கினார். சீனாவில் தோன்றிய இந்த நீண்ட படகைக் கையால்தான் வலிக்க வேண்டும். முதலில் எளிய பயிற்சிகள், பிறகு சிறிது சிறிதாகக் கூடுதல், அதன்பின் படகு. முடிவு? ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை!

ஆனால் 24 பேர் போதுமா? ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லையே! அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இன்னும் கடினமான சோதனையைச் செய்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் கையில் இறுக்கமான உறை அணிந்து, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, வாரம் இருமுறை பளு தூக்கினர். ஓராண்டுக்குப் பின் பார்த்தால், மற்றக் குழுவைவிட இவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. வீக்கம் திடீரென மோசமாவதும் இவர்களிடம் குறைவாகவே இருந்தது.

புற்றுநோய்ச் சிகிச்சையின்போது ஏற்படும் களைப்புக்கும் இதே பாடம் பொருந்தும். படுத்தே இருந்தால் தசைகள் மெலியும். களைப்பு மேலும் கூடும். மெதுவான நடை அதைக் குறைக்க உதவுகிறது. ஆனால் காய்ச்சல், தலைசுற்றல், மூச்சுத்திணறல் இருக்கும் நாளில் பயிற்சி கூடாது. எதை, எவ்வளவு செய்யலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அண்டையிலோ சிகிச்சை பெறுபவர் இருக்கிறாரா? மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தால், மாலையில் நீங்களும் துணைக்குச் செல்லுங்கள். அவர் வேகத்திலேயே நடங்கள். அவர் போதும் என்றால் திரும்பிவிடுங்கள். நாளை இன்னும் பத்தடி கூட நடக்கலாம்.