மோதினாலும் உடையாத புரோட்டான்



ஜெனீவா பக்கத்தில் 'செர்ன்' ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு உடைக்கிறார்கள் என்று படித்திருப்பீர்கள். 2012-ல் ஹிக்ஸ் துகள் கிடைத்ததும் அங்கேதான். ஆனால் மோதுகிற எல்லாமே உடைவதில்லை. நான்கில் ஒரு பங்குக்கும் மேலான மோதல்களில் இரண்டு புரோட்டான்களும் முழுசாகவே விலகி ஓடிவிடுகின்றன! இதுதான் 'மீட்சிச் சிதறல்'. இரண்டு கோலிக்குண்டு மோதி, சில்லு தெறிக்காமல் திசை மட்டும் மாறி உருள்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடையாததில் என்ன பாடம்?

நம்ம இயற்பியல் புத்தகத்திலேயே பதில் இருக்கு. தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை விட்டார்கள். அவை எந்தக் கோணத்தில் சிதறின என்று பார்த்துத்தான் 1911-ல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைப் பற்றிச் சொன்னார். இருட்டறையில் இருக்கிற பொருள்மேல் பந்தை எறிந்து, அது திரும்புகிற விதத்தை வைத்தே பொருளின் அளவைச் சொல்வது போலத்தான் இதுவும். புரோட்டானின் அளவையும் இப்படியே அறியலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

மீட்சிச் சிதறலில் புரோட்டான் ரொம்பக் கொஞ்சமாகத்தான் திரும்பும். 220 மீட்டர் தாண்டிப் போன பிறகும் பாதையை விட்டுச் சில மில்லிமீட்டர்தான் விலகியிருக்கும். அதனால் 'டோட்டம்' என்ற குழுவினர் உணர்கருவிகளை உலோகப் பெட்டிக்குள் வைத்து, கற்றைக்கு மிக அருகில் நகர்த்தினார்கள். இந்தப் பெட்டிக்கு 'ரோமன் பானை' என்று பெயர். 1970-களில் ரோம் நகர விஞ்ஞானிகள் இதை முதலில் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. இரண்டு பக்கமும் நேரெதிர்த் திசையில், ஒரே கோணத்தில் புரோட்டான் வந்தால், உடையவில்லை என்று அர்த்தம்.

கண்டது என்ன?

புரோட்டான் மோதுவதற்குக் காட்டுகிற பரப்பை 'மில்லிபார்ன்' அலகில் சொல்வார்கள். 1970-களில் செர்னின் பழைய வளையத்தில் அது சுமார் 43. அதைவிட 200 மடங்கு ஆற்றலில், புதிய வளையத்தில், 110.6! வேகம் கூடக்கூட புரோட்டான் பெரிசாகிறது. உள்ளே குளுவான்கள் பெருகுவதே காரணம் என்கிறார்கள். உடையாமல் போகிறவற்றின் பங்கும் கூடியிருக்கிறது. முன்பு ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான்.

நமக்கென்ன இதனால்?

விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் காற்றில் மோதி, துகள் மழையாகப் பொழிகின்றன. இப்போது தளவாய்புரத்தில் நிற்கிற உங்கள் உள்ளங்கை வழியாகவும் நிமிடத்துக்குப் பல மியூவான்கள் புகுந்து போகின்றன. வலிக்காது, பயப்பட வேண்டாம்! இந்த மழையை ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் 'கிரேப்ஸ்-3' ஆய்வகம் பதிவு செய்கிறது. மழை எந்த உயரத்தில் தொடங்கியது, வந்தது புரோட்டானா, இரும்பு அணுக்கருவா என்று கணக்கிட, புரோட்டான் எவ்வளவு எளிதில் மோதும் என்பது தெரிய வேண்டும். அந்த எண் தப்பானால் கணக்கே தப்பாகும். ஜெனீவாவில் அளந்த எண் ஊட்டிக்கும் வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா!

கணக்குப் போடுங்க: மொத்தம் 110.6 மில்லிபார்ன். அதில் மீட்சிச் சிதறல் 31. எத்தனை சதவீதம்?
(விடை: சுமார் 28)