முன்கண்ணாடியில் தோன்றும் எச்சரிக்கை

கொல்கத்தாவின் கிழக்கே ராஜர்ஹாட் பகுதியில் உருவான நியூ டவுன், நம் நாட்டில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட புதிய நகரங்களுள் ஒன்றாகும். 1999ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசு நிறுவிய ஹிட்கோ கழகம் இந்நகரை உருவாக்கும் பணியை மேற்கொண்டது. நகரின் நடுவே செல்லும் விஸ்வ பங்களா சரணி, விமான நிலையத்தின் பக்கமிருந்து வரும் வாகனங்களைச் சால்ட் லேக் பகுதிக்கு இட்டுச் செல்கிறது. அகன்ற நேர்ச்சாலை வேகத்தைத் தூண்டுவது இயல்பு. ஆனால் அதே சாலையை அலுவலகம் செல்வோரும், மாணவரும், மிதிவண்டியில் வருவோரும், டோட்டோ என்னும் மின் ரிக்ஷாக்களும் கடக்க வேண்டியுள்ளது. விரைந்து செல்ல விரும்புவோரும் மெல்லக் கடக்க வேண்டியவரும் சந்திக்கும் இத்தகைய இடத்தில், ஓட்டுநரை உரிய நேரத்தில் எச்சரிப்பது எவ்வாறு என்ற வினா எழுகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவ்வுயிரிழப்புக்களில் ஏறத்தாழ 71 சதவீதம் மிகை வேகத்துடன் தொடர்புடையவை. மாண்டவர்களில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் நடந்து சென்றவர்கள். ஆகவே காருக்குள் அமைக்கப்படும் எந்த எச்சரிக்கைக் கருவியையும், காருக்கு வெளியே இருப்பவரை அது எவ்வளவு காக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

கருவி இயங்கும் முறை

ஹெட்-அப் டிஸ்ப்ளே என்பது, ஓட்டுநர் தலையைக் குனியாமலேயே செய்திகளைக் காண உதவும் அமைப்பாகும். டாஷ்போர்டினுள் உள்ள சிறு ஒளிப்படக் கருவியிலிருந்து வரும் ஒளி, முன்கண்ணாடியிலோ அதன் முன் எழும் தனித் தகட்டிலோ பட்டுக் கண்ணை அடைகிறது. வேகம், செல்லும் திசை, மோதல் அபாயம் போன்றவை காரின் முன்பக்கத்தில் மிதப்பதுபோல் தோன்றுகின்றன. போர் விமானங்களில் குறிபார்க்கும் கருவியாகத் தோன்றிய இம்முறை, 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மாருதி சுசூகி நிறுவனம் பலேனோ காரில் இதனை அளித்தது. விலையுயர்ந்த கார்களில் மட்டுமே காணப்பட்ட இவ்வசதி நடுத்தரக் குடும்பங்களின் கார்களுக்கும் வரத் தொடங்கியது.

இதனால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் முன்னேறுகிறது. வேகமானியைப் பார்க்க ஒரு விநாடி குனிந்தால், அந்தப் 17 மீட்டரையும் ஓட்டுநர் சாலையைக் காணாமலே கடக்கிறார். அருகிலிருந்து தொலைவிற்குப் பார்வையை மாற்ற முதியோரின் கண்ணுக்குக் கூடுதல் நேரம் தேவை. எனவே இக்கருவி அவர்களுக்குச் சிறப்பாக உதவும். அளவு மீறிய வேகத்தைக் காட்டும் எண் எப்போதும் கண்முன் நிற்பதால், ஓட்டுநர் தம் வேகத்தை அடிக்கடி சரிபார்த்துக் கொள்ளவும் இயலும்.

கண் திறந்திருந்தும் காணாமை

எனினும், பார்வை சாலையின் பக்கம் இருப்பதனாலேயே கவனமும் சாலையில் இருப்பதாகக் கொள்ள முடியாது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. பயிற்சிக் கூடத்தில் இக்காட்சியைப் பயன்படுத்தித் தரையிறங்க முயன்ற எட்டு விமானிகளில் இருவர், ஓடுபாதையில் குறுக்கே நின்ற மற்றொரு விமானத்தைக் காணவேயில்லை. தேர்ந்த விமானிகளே இவ்வாறு தவறினர் எனில், மழை பெய்யும் மாலையில் நெரிசலான சாலையில் கார் ஓட்டுபவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சரிக்கைகள் மிகுந்தால் வேறொரு தீமையும் விளைகிறது. புலி வருகிறது எனப் பலமுறை பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை நாம் அறிந்ததே. டோட்டோ அருகில் வரும்போதெல்லாம் சிவப்பு ஒளி தோன்றினால், ஓட்டுநர் அதனைப் பொருட்படுத்த மாட்டார். கருவியையே நிறுத்தியும் விடுவார். இதற்கு மாறாக, அபாயம் வந்தால் கருவி சொல்லும் என நம்பி அசட்டையாக ஓட்டுவதும் உண்டு. இவ்விரண்டும் ஓட்டுநரின் நடத்தையைக் கெடுப்பனவே.

எச்சரிக்கை மட்டும் போதுமா?

1.7.2019 முதல் புதிய கார்களில் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயமாக்கப்பட்டது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் இடைவிடாமலும் அது ஒலிக்கும். இவ்வளவுகள் நெடுஞ்சாலைகளுக்குப் பொருந்தலாம். நகரத் தெருவிலோ 60 கி.மீ. வேகமே உயிரைப் பறிக்கப் போதுமானது. காரின் முன்புறத்தால் மோதப்படும் நடையர் மரணமடையும் வாய்ப்பு, மோதும் வேகம் 50 கி.மீ.யிலிருந்து 65 கி.மீ.யாக உயரும்போது நாலரை மடங்காகிறது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

முன்னே மோதல் நேரக்கூடும் என்று ஓட்டுநரை எச்சரிக்கும் அமைப்பு மட்டும் உள்ள கார்கள், முன்செல்லும் வாகனத்தின் பின்புறம் மோதும் விபத்துக்களில் 27 சதவீதம் குறைவாகச் சிக்கியதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு ஆய்வுக் கழகம் கண்டறிந்தது. எச்சரிக்கையோடு தானே பிரேக் பிடிக்கும் அமைப்பும் சேர்ந்தபோது இக்குறைவு 50 சதவீதமாயிற்று. எச்சரிக்கை பயனுடையது, ஆனால் ஓட்டுநர் அதற்கு இணங்கிச் செயல்படும் வரையில்தான் என்பதை இப்புள்ளி விவரம் உணர்த்துகிறது.

ஆதலின் நல்ல எச்சரிக்கைக்குச் சில இலக்கணங்கள் உண்டு. வேகம் தவிர, உயிருக்கு ஆபத்தான செய்தி மட்டுமே கண்ணாடியில் தோன்ற வேண்டும். அது பிரேக் பிடிக்கப் போதிய அவகாசம் தர வேண்டும். இரவில் கண்ணைக் கூசச் செய்யாமலும், பகல் வெயிலில் மங்காமலும் இருக்க வேண்டும். தொலைபேசி அழைப்பும் பாட்டின் பெயரும் அங்கே இடம்பெறலாகாது.

நாக்பூர் காட்டிய வழி

2021ஆம் ஆண்டில் நாக்பூரில் தொடங்கப்பட்ட ஐராஸ்தே என்னும் திட்டம் இத்துறையில் கருதத்தக்கது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி., நாக்பூர் மாநகராட்சி ஆகியவை பங்கேற்ற இத்திட்டத்தில், நகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தப்பட்டன. எச்சரிக்கை ஓட்டுநரோடு முடிந்துவிடவில்லை என்பதே இதன் சிறப்பு. எந்தெந்த இடங்களில் அது மீண்டும் மீண்டும் எழுகிறது எனக் குறித்து, விபத்து நிகழுமுன்பே அந்த இடங்களைச் சீர்செய்வதும் இத்திட்டத்தின் நோக்கமாகும்.

ஓர் ஓட்டுநருக்கு ஓரிடத்தில் ஒருமுறை எச்சரிக்கை தோன்றினால் அவரது கவனக்குறைவு காரணமாகலாம். நூறு ஓட்டுநர்களுக்கு அதே இடத்தில் தோன்றினால் குறை சாலையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். விளக்கு மங்கியிருக்கலாம், கடப்போரைத் தூண் மறைக்கலாம், பேருந்து நிறுத்தத்திற்கும் கடவைக்கும் இடையே தொலைவு மிகுந்திருக்கலாம்.

நியூ டவுன் போன்ற நகரங்களுக்கு இது ஏற்ற வழியாகும். அங்கு மிதிவண்டிகளுக்குத் தனிப் பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன; 2016ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசு பாதுகாப்பாக வாகனம் ஓட்டுவதை வலியுறுத்தும் இயக்கத்தையும் தொடங்கியது. அங்கு ஓடும் பேருந்துகளில் எழும் எச்சரிக்கைகளை இடவாரியாகத் தொகுத்தால், எந்தக் கடவையில் விளக்கு வேண்டும், எங்கே வேகத்தடை வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் முன்கூட்டியே அறிய இயலும்.

முன்கண்ணாடியில் ஒளிரும் எச்சரிக்கை கார் வாங்க வசதியுள்ளவருக்கே கிட்டும். சாலையைக் கடக்கும் முதியவருக்கும் பள்ளிச் சிறுவனுக்கும் அப்படி ஒரு கருவி இல்லை. ஓட்டுநரின் கண்முன் தோன்றும் அந்தச் சிறு ஒளி, நெடுஞ்சாலைத் துறையின் கண்ணையும் திறக்குமாயின், அதன் பயன் நடந்து செல்வோருக்கும் சென்று சேரும்.