அறிவியல் உலகில் நம்மவர்

 

"வளர்ந்தபின் நீ யாராக விரும்புகிறாய்?" என்று நாம் வகுப்பில் வினவுவதுண்டு. மருத்துவர் என்பர் சிலர். ஆசிரியர் என்பர் சிலர். காற்பந்து ஆட்டக்காரர் என்பாரும் உளர். "அறிவியலறிஞர் ஆகலாமே" என்று நாம் ஒருமுறை கூறியபொழுது, மாணவன் ஒருவன் எழுந்து, "அது நம்மவர்களால் முடியுமா, ஐயா?" என்று கேட்டான். அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. மனத்தில் பட்டதையே கேட்டான். அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழவர் வீட்டுப் பிள்ளை

தமிழ்நாட்டின் தென்கோடியில், நாகர்கோவிலை அடுத்துச் சரக்கல்விளை என்னும் சிற்றூர் உள்ளது. 1957ஆம் ஆண்டில் அங்கு ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கை. சிவன். ஊரிலுள்ள அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலேயே பயின்றார். வயலில் தந்தைக்குத் துணையாக வேலை செய்துகொண்டே படித்தார். அவர் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் அவரே. நாகர்கோவிலில் கணிதமும், பின்னர்ச் சென்னையில் வானூர்திப் பொறியியலும் கற்று, 1982இல் 'இஸ்ரோ' எனப்படும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். ராக்கெட்டு உருவாக்கும் பணியில் பல்லாண்டுகள் உழைத்த அவர், 2018 முதல் 2022 வரை அந்நிறுவனத்தின் தலைவராகவே விளங்கினார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

சிவன் தலைவராக இருந்த காலத்தில் பெரியதொரு தோல்வியும் நேர்ந்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், சந்திரயான்-2 விண்கலத்தின் தரையிறங்கி நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொட இரண்டு கிலோமீட்டர் அளவே எஞ்சியிருந்தபோது அதனுடனான தொடர்பு அறுந்தது. அன்று சிவன் கண்ணீர் வடித்ததைத் தொலைக்காட்சியில் உலகமே கண்டது.

ஆயினும், அழுகையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பிழை எங்கே நேர்ந்தது என்று ஆராய்ந்தனர், ஒவ்வொன்றாகத் திருத்தினர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகதிக்கு அருகே நலமாகத் தரையிறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் என்னும் தமிழர். அவர் தந்தையார் இரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். வீரமுத்துவேல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே பல்கலைக்கழகம் புகுந்தவரல்லர். முதலில் பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பை முடித்தார். பின்னரே பொறியியற் பட்டமும், முனைவர் பட்டமும் பெற்றார். படிப்பிற்கு ஒரே ஒரு வாயில்தான் உண்டு என்று எண்ணுவோர் இவர் வாழ்வை நோக்குதல் வேண்டும்.

பெண்பிள்ளைகளும் பின்தங்கியவரல்லர்

செங்கோட்டையில் உழவர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர் நிகர் சாஜி. திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். கதிரவனை ஆராய இந்தியா முதன்முதலாக அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலத் திட்டத்தின் இயக்குநர் இவரே. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் புறப்பட்ட அக்கலம், பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இருப்பிடத்தை 2024 ஜனவரி 6ஆம் நாள் அடைந்தது. "பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?" என்று அவர் வீட்டார் தடுத்திருப்பின், அவரது அறிவு வீட்டு முற்றத்தைத் தாண்டியிராது.

நம் செம்பனைத் தோட்டத்தில்

"இவர்களெல்லாம் கடல் கடந்த நாட்டவர், ராக்கெட்டு எங்கே, நம் தோட்டம் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் வானத்தில் மட்டும் இல்லை. நம் வீட்டு வாசலிலும் இருக்கிறது. இதற்கு நம் ஜொகூர் மாநிலமே சான்று.

முன்பு நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் குலைகள் நன்றாகப் பழுப்பதற்காகத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, பெண்பூக்களின்மேல் மகரந்தப் பொடியைத் தூவ வேண்டியிருந்தது. இக்கடினமான வேலையைச் செய்தவர்களுள் பெண்கள் பலர். செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே கொண்டு செல்கிறது என்றுதான் அந்நாளில் பலரும் நம்பியிருந்தனர். அப்படியானால் ஆப்பிரிக்காவில் யாரும் பொடி தூவாமலே குலைகள் எவ்வாறு நிறைந்து காய்க்கின்றன? இவ்வினாவோடு இரகுமான் சையது என்னும் பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டிற்குச் சென்றார். பூக்களை உற்று நோக்கினார். சிறு வண்டுகளே அவ்வேலையைச் செய்கின்றன என்று கண்டறிந்தார். ஆண்பூவின் மணத்தால் ஈர்க்கப்பட்டு அங்கு வாழும் அவ்வண்டுகள், அதே மணம் வீசும் பெண்பூவிற்கும் செல்கின்றன. செல்லும்போது உடலில் ஒட்டிய மகரந்தத்தையும் கொண்டு செல்கின்றன.

தீங்கு ஏதும் விளைவிக்குமா என்று நன்கு சோதித்த பின்னர், 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வண்டுகள் நம் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் விடப்பட்டன. விரைவில் அவை நாடெங்கும் பரவின. கையால் பொடி தூவும் வேலையும் மறைந்தது. உங்கள் பாட்டிமாருள் சிலருக்கு அவ்வேலை நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். செம்பனைப் பழத்தின் கொட்டைக்குத் தடித்த ஓடுள்ள வகை ஒன்று. ஓடே இல்லாத வகை மற்றொன்று. இவ்விரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள வகை பிறக்கிறது. அதுவே மிகுதியான எண்ணெய் தருவது. தடித்த ஓட்டு வகையைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் என்பர். ஆனால் நாற்றைப் பார்த்து அது எவ்வகை என்று கூற இயலாது. மரம் வளர்ந்து காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டின் தன்மையை முடிவுசெய்யும் மரபணு எது என்பதை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிஞர்கள் பிற நாட்டு அறிஞரோடு சேர்ந்து கண்டறிந்து, 2013இல் 'நேச்சர்' என்னும் உலகப் புகழ் பெற்ற இதழில் வெளியிட்டனர். அவ்வாய்வை முன்னின்று நடத்தியவர்கள் முனைவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும் முனைவர் ரஜிந்தர் சிங்கும் ஆவர். இருவரும் நம் மலேசிய இந்தியர். இலையிலிருந்து சிறிது எடுத்துச் சோதித்தாலே நாற்றின் வகையை அறியும் வழி இதனால் பிறந்தது. நாம் அன்றாடம் மிதித்து நடக்கும் உதிரிப் பழத்திற்குள் உலகமே வியக்கும் உண்மை ஒன்று ஒளிந்திருந்தது, பார்த்தீர்களா?

நாம் பெறும் பாடம்

இவ்வறிஞர்களின் வாழ்விலிருந்து நாம் மூன்று பாடங்களைப் பெறுகிறோம். முதலாவது, எளிய குடும்பமும் தாய்மொழிக் கல்வியும் அறிவிற்குத் தடையாகா. இரண்டாவது, எல்லாரும் ஒப்புக்கொண்டதையும் "ஏன்?" என்று கேட்டு, விடை கிடைக்கும்வரை உற்று நோக்க வேண்டும். மூன்றாவது, தோல்வி என்பது முடிவன்று. திருத்த வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளமே.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்பதற்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர். அன்று கையில் கிடைக்கும் சம்பளம் பெரிதாகத் தோன்றும். ஆனால் அடைபட்ட வழியை மீண்டும் திறப்பது எளிதன்று. பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது, "சும்மா இரு" என்று அடக்காதீர். விடை தெரியாவிட்டால், "நாளை உன் ஆசிரியரைக் கேள்" என்று சொல்லுங்கள், அதுவே போதும்.

அன்று அம்மாணவன் கேட்ட வினாவிற்கு நம் விடை இதுவே: தம்பி, நம்மவர்களால் முடியும், முடித்தும் காட்டியிருக்கிறார்கள். அடுத்தது உன் முறை!

செய்து பார்க்க, சிந்திக்க

1. அப்பாவின் உதவியோடு உதிரிப் பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டச் செய்க. கொட்டையின் ஓடு தடித்ததா, மெல்லியதா? படம் வரைக.

2. பெரியவர் ஒருவரோடு சென்று செம்பனையின் ஆண்பூவை உற்று நோக்குக. அங்கு வண்டுகள் உள்ளனவா? அவை என்ன செய்கின்றன?

3. சந்திரயான்-2 தோல்வியுற்ற பின் அறிவியலறிஞர்கள் செய்தவை யாவை? நீ தேர்வில் தவறிய ஒரு வினாவை அவ்வாறே மீண்டும் ஆராய்க.

4. உன் வீட்டைச் சுற்றி நீ காணும் ஏதேனும் ஒன்றைப் பற்றி "ஏன்?" என்னும் வினா ஒன்றை எழுதி, ஆசிரியரிடம் காட்டுக.