காப்புறுதி முகவராகப் புறப்படும் முன்

வயலையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் கல்முனைப் பக்கத்தில் காப்புறுதி முகவர்களாகச் சேருகின்றனர். முதல் தேவையில்லை, ஒரு சைக்கிளும் வெளுத்த சட்டையும் போதும் என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். முதல் மூன்று மாதங்கள் நன்றாகத்தான் போகும். தாய்மாமன் ஒரு பத்திரம் எடுப்பார். கூடப் படித்தவன் ஒன்று எடுப்பான். அயல்வீட்டு ராத்தா முகத்துக்காக ஒன்று எடுப்பார். அதன்பின் பெயர்ப் பட்டியல் முடிந்துவிடும். முகத்துக்காக எடுத்தவர்கள் இரண்டு தவணை கட்டிவிட்டு நிறுத்துவார்கள். கட்டிய பணமும் போய், உறவும் கசந்துபோகும்.

இது ஏன் நடக்கிறது என்பதைத்தான் இப்பாடத்தில் பார்க்கிறோம். ஆயுள் காப்புறுதியில் முகவருக்கு முதலாண்டில் கிடைக்கும் தரகு பெரிது. பின்வரும் ஆண்டுகளில் அது குறைந்துவிடும். ஆகவே புதியவரின் கண் புதுக் கையொப்பத்திலேயே நிற்கிறது. பத்திரம் எடுத்தவருக்கோ நிலைமை நேர்மாறு. ஆரம்ப ஆண்டுகளில் நிறுத்தினால் பொதுவாக அவர் கைக்கு எதுவும் திரும்பி வராது. ஏற்கெனவே எல்லாம் இழந்து வந்த குடும்பத்துக்கு இது இன்னொரு இழப்பு. அதனால், கட்டத் தொடங்கி இடையில் நிறுத்தக்கூடியவருக்கு விற்பதை நாம் விற்பனையாகக் கணக்கெடுப்பதில்லை.

ஆட்களைத் தேடுவது எப்படி? தெருத்தெருவாகக் கதவு தட்டுவதற்கு முன், யாருக்கு எப்போது கையில் காசு வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நெற்செய்கைக்காரருக்குப் பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில். சிறுபோக வெட்டு ஆடி, ஆவணியில். இவரிடம் மாதம் 2,000 ரூபா கேட்டால் வைகாசியில் எங்கே போவார்? அதே 24,000 ரூபாவை வெட்டு முடிந்த கையோடு 12,000 வீதம் இரு தவணையாகக் கேட்டால் அவரால் முடியும். மானாவாரி வயலென்றால் வருடத்துக்கு ஒரே வெட்டுத்தான். அவருக்கு ஆண்டுக் கட்டணமே பொருந்தும். சாய்ந்தமருதுக் கரைவலைத் தொழிலாளிக்குக் கடல் குழம்பும் வாடைக் காலத்தில் வருமானம் இராது. மருதமுனை நெசவாளருக்குப் பெருநாளை ஒட்டி வியாபாரம் சூடு பிடிக்கும். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் வருகிறது. ஆனால் அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதி ஏற்கெனவே உண்டு. அது தெரியாமல் அவரிடம் போய் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசினால் முதல் வார்த்தையிலேயே மதிப்பிழப்பீர்கள்.

விவசாயியிடம் பேசும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த விவசாயக் காப்புறுதிச் சபையை வயதானவர்கள் அறிவார்கள். “காப்புறுதி” என்றதும் அவர் மனதில் வருவது வெள்ளத்தில் போன வெள்ளாமைக்குக் கிடைத்த, அல்லது கிடைக்காத, நட்டஈடு. நீங்கள் கொண்டுவந்திருப்பது பயிருக்கானது அல்ல, ஆளுக்கானது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் அவர் முன்பு சேர்ந்திருந்தாரா என்றும் கேளுங்கள். பழைய அட்டை இருந்தால், அதை விவசாயக் காப்புறுதிச் சபை அலுவலகத்தில் காட்டி விசாரிக்க உதவுங்கள். உங்களுக்கு அதில் ஒரு சதமும் வராது. ஆனால் அடுத்த முறை அந்த வீட்டில் உங்களுக்குத் தேநீர் கிடைக்கும்.

விளக்கம் சொல்ல எங்கும் போய் உதாரணம் தேட வேண்டாம். மரணாதார சங்கம் இல்லாத ஊர் இங்கே குறைவு. எல்லோரும் சிறிது சிறிதாகப் போட்டு, மரணம் நடந்த வீட்டுக்குச் சேர்த்துக் கொடுக்கும் முறை எங்கள் மக்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து தொடங்கி, “கொம்பனி முகம் பார்த்துக் கொடுக்காது, எழுதிய நிபந்தனைப்படிதான் கொடுக்கும்” என்ற வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள்.

முஸ்லிம் வீடுகளில், “இது ஹலாலா?” என்ற கேள்வி நிச்சயம் வரும். அதைச் சாட்டாக எண்ணிச் சிரித்து மழுப்பக் கூடாது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகம், வழமையான வணிகக் காப்புறுதி கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்புறுதி கூடும் என்று தீர்மானித்தது. அந்த அடிப்படையில் நடப்பதே தகாபுல். இலங்கையில் அமானா தகாபுல் 1999இல் தொடங்கியது. உங்கள் நிறுவனத்தின் திட்டம் தகாபுல் அல்லாவிட்டால் அல்ல என்றே சொல்லுங்கள். நீங்கள் மௌலவி அல்லர். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். “உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள் காக்கா” என்று எழுந்து வந்தால், அந்த வீட்டுக் கதவு திறந்தபடியே இருக்கும்.

நேரமும் முக்கியம். வெள்ளி நண்பகலிலும், மஃரிப் வேளையிலும், நோன்பு திறக்கும் நேரத்திலும் போகக் கூடாது. ஆண்கள் இல்லாத வீட்டுக்கு ஆண் முகவர் தனியே போகவும் கூடாது. பெண் முகவர் போகட்டும். எங்கள் கரையோரத்தில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெரும்பாலும் மகளுக்கே எழுதப்படுகிறது; மருமகன் அங்கே வந்து வாழ்கிறார். கணவரைத் திண்ணையில் வைத்துக் கையொப்பம் வாங்கிவிட்டு, மனைவிக்கும் அவருடைய தாய்க்கும் சொல்லாமல் வந்தால், அந்தப் பத்திரம் அடுத்த தவணையைக் காணாது.

படிவம் நிரப்பும்போது சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம் எதையும் மறைக்க இடங்கொடாதீர்கள். “சின்ன விசயம், எழுதத் தேவையில்லை” என்று முகவர் சொன்ன ஒரு சொல்லால், பின்னர் விதவையின் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். இடம்பெயர்ந்தவர்களிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இராது. இருந்தாலும் அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து, அந்த வேறுபாட்டைத் தீர்த்த பின்னரே படிவத்தை அனுப்புங்கள். மரணத்துக்குப் பிறகு அதைத் தீர்க்க அலைவது வீட்டிலுள்ள பெண்தான்.

2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு பெறாத எவரும் முகவராக வேலை செய்ய முடியாது. பதிவு வரும்வரை எவரிடமும் பணம் வாங்காதீர்கள். வந்தபின்னும் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். 2004 டிசம்பர் 26 கடல் இந்தக் கரையில் வீடுகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோனது. ஆகவே பத்திர இலக்கத்தை வேறு ஊரிலுள்ள ஓர் உறவினரின் கொப்பியிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர் பெயரை உங்கள் கொப்பியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.