ஊர்ச்சத்தம் பிடிக்க எந்தக் கருவி?

கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கேமராக் கடைகளில் ஒரே மாதிரியான வியாபாரம் நடக்கும். விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்த பிள்ளையின் கையில் யூடியூப் பார்த்து எழுதிய பட்டியல் இருக்கும். அப்பாவின் பையில் நகையை அடகு வைத்து வாங்கிய பணம் இருக்கும். கேமராவுக்குப் பில் போடும்போதே, ‘செட்டாவே எடுத்துக்குங்க சார்’ என்ற ஒரு சொல்லில் முடி உறை போட்ட நீள மைக் ஒன்றும் பில்லில் ஏறிவிடும். சில மாதம் கழித்து, ‘உங்கள் ஊரில் ஒரு மணி நேரம் நடந்து, காதில் விழும் சத்தங்களைப் பதிவு செய்து வாருங்கள்’ என்று வகுப்பில் பயிற்சி கொடுப்பார்கள். வாங்கிய பொருளுக்கும் செய்யவேண்டிய வேலைக்கும் சம்பந்தமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொரு குறையும் உண்டு. ‘எங்க ஊர்ல என்னங்க சத்தம் இருக்கு, பெங்களூரு, மெட்ராஸ்னா பரவாயில்ல’ என்பார்கள். நிலைமை நேர்மாறானது. கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர் தம் குழுவோடு வான்கூவர் நகரத்தின் ஒலிகளைப் பதிவு செய்து 1973-இல் வெளியிட்டவர். பெருநகரத்தில் ஒரு சத்தத்தை இன்னொன்று விழுங்கிவிடுகிறது, இரைச்சல் குறைந்த ஊரில்தான் தொலைவில் எழும் ஒலியும் தனித்துக் கேட்கிறது என்பது அவர் வாதம்.

அப்படிப் பார்த்தால் ஏரியூர் பயிற்சிக்கு ஏற்ற ஊர். ஒரு விசிலுக்கு நின்று இரண்டு விசிலுக்குக் கிளம்பும் டவுன் பஸ், டீ ஆற்றும் சத்தம், தெருத்தெருவாக வரும் மினி டெம்போவின் ஒலிபெருக்கி, புளி உலுக்கும் காலத்தில் திண்ணைகளில் கேட்கும் தட்டல், எல்லாம் நடக்கிற தூரத்தில் உண்டு. கொஞ்சம் தள்ளிப் போனால் நாகமரைத் துறை. அங்கே காவிரி மேட்டூர் அணையின் தேக்கமாகக் கிடக்கிறது; அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. 1934-இல் கட்டி முடித்த அந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அணை நிறைந்திருந்தால் தண்ணீர் கரையை ஒட்டி அலையடிக்கும். வற்றினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி தலைகாட்டும், படகேற வெடித்த சேற்றுமண்ணில் வெகுதூரம் நடக்க வேண்டும். ஒரே துறையை இரண்டு பருவத்தில் பதிவு செய்தால் இரண்டு வேறு ஊர்கள் கிடைக்கும்.

சரி, எதில் பதிவு செய்வது?

கைபேசியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லோரிடமும் இருக்கிறது. அது பேச்சுக்காகச் செய்த கருவி என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மெல்லிய சத்தத்தைத் தானே ஏற்றும், பெரிய சத்தத்தைத் தானே அமுக்கும், பின்னணி ஒலியை இரைச்சல் என்று கருதிக் கழிக்கும். கழிந்துபோவது நமக்கு வேண்டிய ஊர்ச்சத்தம்தான். சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும், தானியங்கி ஒலி அளவை நிறுத்தவிடும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஃப்ளைட் மோடில் வைத்து, மைக் துளையை விரலால் மூடாமல் பிடித்தால் தொடக்கத்துக்குப் போதும்.

அடுத்தது கையடக்க ரெக்கார்டர். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் ஸூம் எச்1 வகை, டாஸ்காம் டிஆர்-05 வகை போன்றவை. இரண்டு மைக் உள்ளதால் ஸ்டீரியோவாகப் பதியும்; பஸ் இடமிருந்து வலம் போனால் காதிலும் அப்படியே போகும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1 ஜிபி. 2024-இல் வந்த எச்1 எசென்ஷியலில் 32 பிட் ஃப்ளோட் உண்டு என்பதால் ஒலி அளவைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் மைக்குக்கு ஓர் எல்லை இருக்கிறது. பறைக்கும் பட்டாசுக்கும் பக்கத்தில் கொண்டுபோனால் எந்த பிட்டும் காப்பாற்றாது. இவ்வகைக் கருவியின் உண்மையான குறை அதன் பிளாஸ்டிக் உடம்பு. விரல் அசைவுகூடப் பதிவாகும். சிறு முக்காலி ஒன்றும், காற்றுக்கு முடி உறை ஒன்றும் கட்டாயம். காவிரிக் கரைக் காற்றுக்கு வெறும் ஸ்பாஞ்சு உறை தாங்காது.

மூன்றாவது, காதில் மாட்டும் இரட்டை மைக். ரோலண்ட் சிஎஸ்-10இஎம் இந்த இனம். ஒரு பக்கத்துச் சத்தம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் போய்ச் சேர்கிறது. திசையை உணர மூளை பயன்படுத்தும் குறிப்புகளில் இது ஒன்று, அதை இக்கருவி அப்படியே பிடிக்கிறது. ஹெட்போனில் கேட்டால் சந்தைக்குள் நிற்பதுபோல் இருக்கும். ஸ்பீக்கரில் அந்த ஜாலம் குறையும். பார்ப்பவர்களுக்குப் பாட்டுக் கேட்கிற ஆள் மாதிரித் தெரியும் என்பதால் இதற்கு நாணயம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஒருவர் பேச்சு தெளிவாகப் பதிவானால் அவரிடம் சொல்லிக் கேட்டுவிடுவதே முறை.

ரீல்ஸ்காரர்கள் சட்டையில் செருகும் வயர்லெஸ் காலர் மைக் நான்காவது. ஒருவர் குரலுக்கு நல்லது, ஊருக்கு ஆகாது.

இனி அந்த நீள மைக். ஷாட்கன் என்பார்கள். எச்சரிக்கை இதற்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. ‘தூரத்துச் சத்தத்தை அப்படியே இழுத்துக் குடுக்கும்’ என்று கடையில் சொல்வதில் உண்மையில்லை. அது எதையும் இழுப்பதில்லை, பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கிறது, அவ்வளவே. அந்த வேலையையும் பாதிதான் செய்யும். மைக்கின் முன்னால் இருக்கும் பிளவுக் குழாய், தன் நீளத்தைவிடக் குட்டையான அலைகளிடம்தான் திறமையைக் காட்டும். திரைப்படக் குழுக்கள் நம்பிப் பயன்படுத்தும் சென்ஹைசர் எம்கேஎச் 416 சுமார் 25 செ.மீ. நீளம். அந்த நீள அலை என்பது ஏறக்குறைய 1,400 ஹெர்ட்ஸ். பஸ் இன்ஜினின் 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளமோ 3.4 மீட்டர். மைக்கை எதிர்ப்பக்கம் திருப்பி டீக்கடையைக் குறிபார்த்தாலும் உறுமல் உள்ளே வந்தே தீரும். வருவது மட்டுமில்லை, மேல்ஸ்தாயி தேய்ந்து, அடி மட்டும் தடித்து, வேறொன்றாக வரும். கட்டடங்கள் நெருங்கிய கடைவீதியில் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்து, டின்னுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

செலவு அதோடு நிற்காது. 416-க்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், அதற்கு எக்ஸ்எல்ஆர் இணைப்புள்ள பெரிய ரெக்கார்டர் வேண்டும், பிறகு கம்பு, அதிர்வு தாங்கி, உறை. இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது மோனோ. இடம் வலம் கிடையாது.

தொல்லை இன்னொன்றும் உண்டு. நீளக் கம்பில் முடி வைத்த மைக்கோடு ஒருவர் பஸ் நிறுத்தத்தில் நின்றால், ‘எந்தச் சேனல் தம்பி?’ என்று பத்துப் பேர் கூடுவார்கள். ரோடு சரியில்லை, தண்ணி வரவில்லை என்று மைக்கைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். அவர்கள் குறை நியாயமானது. ஆனால் பதிவு செய்ய வந்த சத்தம் அங்கே தீர்ந்துபோயிருக்கும்.

ஷாட்கனுக்கு உரிய இடம் வசனம். டப்பிங்கே வழக்கமான தமிழ் சினிமாவில் ‘ஹே ராம்’ (2000), ‘விருமாண்டி’ (2004) போன்ற படங்கள் களத்திலேயே குரலைப் பதிவு செய்ததால் பேசப்பட்டன. அந்த மாதிரி வேலையில், நடிகரின் தலைக்கு மேல் கையளவு தூரத்தில் கம்பு பிடிக்க ஆள் இருந்தால், ஷாட்கனுக்கு நிகரில்லை. குறும்படம் எடுப்பவர் வாடகைக்கு எடுக்கலாம். ஊர் சுற்றுபவருக்கு அது வீண் சுமை.

வீட்டில் ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டியின் பெயர் சொல்லப்படுவதும் உண்டு. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக 2009-இல் அவர் ஆஸ்கர் பெற்றதும், மகனுக்குச் சினிமாக் கருவியே வேண்டும் என்ற எண்ணம் பல பெற்றோருக்கு வந்தது. அவர் புனே திரைப்பட நிறுவனத்தில் படித்து, பல ஆண்டுகள் படங்களில் உழைத்த பிறகு வந்த பரிசு அது; அதையும் இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார். கருவி அந்த வரலாற்றின் கடைசிப் பக்கம்.

இக்கட்டுரையை எழுதுபவரின் சாய்வு கையடக்க ரெக்கார்டர் பக்கம். அதையும் நடந்துகொண்டே பிடிப்பதைவிட, நடந்துபோய் ஓரிடத்தில் முக்காலியை ஊன்றி, பத்து நிமிடம் அசையாமல் நிற்கும் முறையே அவருக்கு உவப்பு. நடை ஒலிப்பதிவில் பெயர் பெற்ற ஹில்டகார்ட் வெஸ்டர்கேம்ப் இதை ஒப்பமாட்டார். 1989-இல் அவர் செய்த ‘கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்’ என்ற படைப்பில், வான்கூவர் கடற்கரையில் ஒட்டிய சிறு உயிர்களின் நுண்ணிய கிட்டுக்கிட்டு ஒலிக்கு நடுவே அவரே பேசுகிறார். நகரத்தின் இரைச்சலைத் தாம் எப்படி ஏற்றி இறக்குகிறார் என்பதையும் கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறார். கருவியும் கையும் இருப்பதை மறைக்காத அந்த நேர்மை மாணவர்களுக்கு நல்ல பாடம். இரைச்சல் நீக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் கழுவி எடுக்கும் இன்றைய பழக்கத்துக்கு அது மாற்று.

எந்தக் கருவியானாலும் நேரம் பாதி வேலையைச் செய்யும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருப்பதால், விடிவதற்கு முந்தைய நேரத்தில் முதல் பஸ்ஸும் பால்காரர் வண்டியும் தெளிவாகக் கிடைக்கும்.

கடைசியில் கேள்வி காதுக்கும் பொறுமைக்கும் வந்து சேரும். சிலருக்குப் பத்து நிமிடம் சும்மா நிற்பதே தண்டனை. அவர்கள் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆட்களிடம் பேசிக் கதை வாங்குவதிலோ வெட்டி ஒட்டும் எடிட்டிங்கிலோ அவர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் சவுண்ட் படிக்கிறான் என்பதற்காக அவர்களை இங்கே தள்ளக் கூடாது. நிற்க முடிகிறவர்களுக்கும் அவசரம் ஆகாது. கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்தில் ஒலி படித்த புதாதித்ய சட்டோபாத்யாய், பெங்களூரின் போக்குவரத்தையும் கட்டுமான இரைச்சலையும் வைத்து 2013-இல் ஒரு முழு ஒலித்தொகுப்பே வெளியிட்டார். தினமும் காதைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் சத்தத்தில் அவர் கேட்டது, கேட்டுப் பழகியதால் கிடைத்தது. முதல் சில வாரங்கள் கருவியே இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து, கேட்டவற்றை நோட்டில் எழுதிப் பார்க்கலாம்.

பதிவு சேரத் தொடங்கியதும் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், இடம், கருவி, காற்று எப்படி என்று வாயால் சொல்லிவிட வேண்டும். நாகமரையில் என்றால் அன்றைய அணை நீர்மட்டத்தையும் சேர்த்து. 2006 முதல் இயங்கும் ரேடியோ அபோரி என்ற உலக ஒலி வரைபடத்தில் அவற்றை இடம் குறித்து ஏற்றலாம். ஓராண்டு கழித்தும் ஆர்வம் தணியாதவர்கள் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் படிப்புக்கோ, பட்டம் பெற்றபின் புனே, கொல்கத்தா நுழைவுத் தேர்வுகளுக்கோ விண்ணப்பிக்கலாம். நேர்முகத்தில் சொல்வதற்குச் சொந்தமாகப் பிடித்த சத்தங்கள் அப்போது கையில் இருக்கும்.